பழைய ஊர்தியும் பாடபேதமும்

தமிழ் கற்பிப்பவனுக்கும் மோட்டார்ச் சைக்கிளுக்கும் யாது இயைபு என்று அன்பர்கள் நகைக்கக்கூடும். அந்நகைப்பில் நியாயமும் உண்டு. யான் நன்னூலும் திருக்குறளும் கற்பித்துத் தலை நரைத்தவன். இயந்திர நூல் கல்லாதவன். ஆயினும் பழைய மோட்டார்ச் சைக்கிள் ஒன்றை விலைக்குக் கொள்வதா, விடுவதா என்னும் வினா அண்மையில் என் வாயிலில் வந்து நின்றது. அவ்வினாவோடு ஒரு தாயின் கழுத்துச் சங்கிலியும் ஓர் இளைஞனின் உயிரும் பிணைந்து கிடந்தமையால், சிறு பொருளென்று அதனைத் தள்ள இயலவில்லை. அதுபற்றிக் கண்டனவும் கருதுவனவும் ஈண்டு எழுதுகின்றேன்.

வந்தவன் என்னிடம் உயர்தர வகுப்பிலே தமிழ் கற்றவன். இன்று படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் ஆசிரியன். எழுவான்கரையிலுள்ள தன் வீட்டிலிருந்து நாள்தோறும் வாவியைக் கடந்து போய் வருபவன். 2014 ஆம் ஆண்டில் மண்முனைத்துறைப் பாலம் திறக்கப்படும்வரை தோணியையும் பாதையையும் நம்பி மக்கள் காத்துக் கிடந்த துறை அது. இன்று பாலம் இருக்கின்றது. பாலத்தின்மேல் விரைந்து செல்ல இளைஞர்க்கு ஆசையும் இருக்கின்றது.

"சேர், ஒரு சீ.பீ.ஆர். விலைக்கு வந்திருக்கு, ரெட்டை ஆர். நீங்க ஒருக்கா வந்து பாக்கணும்" என்றான்.

"எனக்கு என்ன மனே தெரியும் அதுல?" என்றேன்.

"வண்டியப் பாக்கிறதுக்கு மெக்கானிக் ஐயா வாறார் சேர். நீங்க ஆளப் பாக்கணும்."

இந்த விடை என்னை வென்றுவிட்டது. திருக்குறளிலே 'தெரிந்து தெளிதல்' என்றோர் அதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பிக்கும் ஒருவனை, அதனைச் செய்து காட்டுமாறு மாணவன் அழைத்தால் எங்ஙனம் மறுப்பது?

அவன் விரும்பிய ஊர்தி யாதெனச் சிறிது சொல்லவேண்டும். யப்பானிய ஹொண்டா நிறுவனம் 1990 ஆம் ஆண்டில் வெளியிட்ட சீ.பீ.ஆர். 250 ஆர்.ஆர். என்பது அது. இருநூற்று நாற்பத்தொன்பது கன சென்ரிமீற்றர் கொள்ளளவுதான். ஆயினும் அதனுள் நான்கு சிலிண்டர்கள். நிமிடத்துக்குப் பத்தொன்பதாயிரம் சுழற்சி வரை அதன் மானியிலே கோடு கிழிக்கப்பட்டிருக்கும். முதலில் 45 குதிரைவலு உடையதாயிருந்தது. 1994 இல் 40 ஆகக் குறைக்கப்பட்டது. யப்பானிலே இருநூற்றைம்பது கொள்ளளவுக்கு மேற்படாத மோட்டார்ச் சைக்கிள்களுக்குக் கட்டாயத் தவணைப் பரிசோதனை இல்லை. அதனால் அந்நாட்டு இளைஞர் இவ்வகையை விரும்பி வாங்கினர். அவர்கள் ஓட்டிக் கழித்தவையே பின்னர்க் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தன. ஆகவே நம் கைக்கு வரும் இத்தகைய ஊர்தி எதுவும் முப்பது ஆண்டினை அடுத்தது அல்லது கடந்தது. பிறந்த நாட்டிலும் தவணைதோறும் மருத்துவன் முன் நிற்காமலே மூத்தது. இதனை வாங்குவோர் முதலில் மனங்கொள்ளவேண்டும்.

பழைய மோட்டார்ச் சைக்கிளில் இளைஞர் கொள்ளும் மோகத்தைப் பெரியோர் பலர் பழிக்கின்றனர். யான் அவ்வாறு பழிக்க மாட்டேன். தமிழகத்திலும் 1985 முதல் 1996 வரை இந்தியாவில் உருவாகிய யமஹா ஆர்.எக்ஸ். 100 என்னும் சிறு ஊர்தியை இன்றும் ஊரூராய்த் தேடி இளைஞர் அலைகின்றனர். 1983 இல் வெளிவந்த ராஜ்தூத் 350 இன் ஒலியைச் சொல்லிச் சொல்லி மகிழும் முதியோரும் உளர். இனிச் செய்யப்படாத ஒன்றை, செய்தவனின் திறன் விளங்க, அழியாமற் காக்க விரும்புவது இழிவான ஆசையன்று. செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊரூராய் அலைந்த உ. வே. சாமிநாதையரையும் சி. வை. தாமோதரம்பிள்ளையையும் போற்றும் நாம், பழைய இயந்திரத்தைத் தேடி அலைபவனை மட்டும் பித்தன் என்பது முறையாகுமா? பொருள் வேறு, பழமைமேற் கொண்ட பரிவு ஒன்றே.

ஆனால் ஓர் வேறுபாடு உண்டு. அப்பெரியோர் ஏட்டினைக் கண்டவுடன் கட்டித் தழுவி அச்சேற்றிவிடவில்லை. பிரதியோடு பிரதியை ஒப்பிட்டனர். இடைச்செருகல் எது, எழுதுவோர் பிழை எது, மூலபாடம் எதுவென ஐயுற்று ஆராய்ந்தனர். அன்பு ஏட்டின்மேல், ஐயம் எழுத்தின்மேல். நம் மண்ணின் விபுலாநந்த அடிகள் 1947 இல் வெளியிட்ட யாழ்நூலும் அங்ஙனம் பிறந்ததே. வழக்கொழிந்துபோன யாழை வாயாரப் புகழ்ந்தமையால் அந்நூல் பெருமை பெறவில்லை. நரம்புக்கு நரம்பு கணக்கிட்டு ஆராய்ந்தமையாற் பெற்றது. நம் இளைஞரிடம் யான் காணும் குறை பழமையை விரும்புதல் அன்று, ஐயுறாமல் விரும்புதலே.

ஐயுறாமல் வாங்கியவர் கதைக்கு அயலூர் செல்ல வேண்டா. யானே அக்கதை. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையை விழுங்கியது. அதன்பின் இரண்டு ஆண்டு கழித்து ஒருவரிடமிருந்து பழைய மோட்டார்ச் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். புதிதாகப் பூசிய கறுப்பு வர்ணம் கண்ணாடிபோல் மின்னிற்று. அம்மின்னலையே கண்டேன், அது கடலுக்குள் மூழ்கி எழுந்த ஊர்தி என்பதனை விற்றவர் சொல்லவில்லை, யானும் கேட்கவில்லை. வர்ணத்தின் கீழே உப்பு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மூன்றாம் மாதத்திலே ஒரு மாலைப்பொழுதில், கல்லடியின் பழைய பாலத்தின் நடுவில், முன் விளக்கு பொட்டென அணைந்தது. 1924 இல் திறந்த ஒடுங்கிய இரும்புப் பாலம் அது. எதிரே லொறி ஒன்று வந்துகொண்டிருந்தது. பின்னால் என் மனைவி. ஓரத்து இரும்பில் மோதி இருவரும் விழுந்தோம். அவளது வலக்கை முறிந்தது. இன்றும் மாரிகாலக் குளிரில் அக்கையைத் தடவிக்கொண்டு அவள் என்னை நோக்குவாள், ஒன்றும் சொல்லமாட்டாள். வயரிங்கினுள் பச்சை பூத்துச் செம்பு பொடியாகி உதிர்ந்ததைப் பின்னர் மெக்கானிக் எடுத்துக் காட்டினார். அந்தப் பச்சை நிறத்தை யான் மறந்ததில்லை.

ஆதலால் வாவிக்கும் கடலுக்கும் இடையே வாழும் நாம், பிற ஊரார் கேளாத ஒரு வினாவை முதலிற் கேட்க வேண்டும்: 'இது நீரில் மூழ்கியதா?' 2004 இன் கடல்நீர் மட்டுமன்று. 2011 தை மாதத்துப் பெருவெள்ளம் போல ஊரை மூடிய வெள்ளங்களும் உள. மூழ்காத ஊர்திக்கும் உப்புக்காற்று ஓயாத பகை. இருக்கையைக் கழற்றி அதன் கீழுள்ள வயர்ப் பொருத்துகளைப் பிரித்துப் பாருங்கள். ஆணித் தலைகளின் பள்ளங்களை நோக்குங்கள். பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து கைவிளக்கை உள்ளே காட்டுங்கள். வெளியே பொன்னும் உள்ளே துருவுமாக இருக்கும் தாங்கிகள் எத்தனையோ!

குறித்த நாளிலே மாணவனும் யானும், களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் நெடுங்காலம் கராஜ் நடத்திய முதியவர் ஒருவரும் விற்பவர் வீட்டுக்குச் சென்றோம். காலை ஏழு மணி. முதியவர் ஊர்தியைச் சுற்றி வரவில்லை. அதன் அழகை வியக்கவில்லை. நேரே குனிந்து இயந்திரத்தின்மேற் புறங்கையை வைத்தார். சுட்டது.

"காலையில ஸ்டார்ட் பண்ணினீங்களா தம்பி?"

"சும்மா ஒருக்கா ஓடிப் பாத்தன் ஐயா" என்றார் விற்பவர்.

முதியவர் சிரித்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்தார். "ஆறட்டும். தேத்தண்ணி குடிச்சிட்டுப் பாப்பம்." ஒரு மணி நேரத்துக்கு மேலாகக் காத்திருந்தோம். இயந்திரத்தின் நோய் அது குளிர்ந்திருக்கும்போதே வெளிப்படும் என்பதனை அவர் பின்னர் விளக்கினார். சூடேறியபின் எளிதாகக் கிளம்பும் இயந்திரம் விடியற்காலையில் முக்கி முனகலாம். நான்கு சிலிண்டருக்கும் நான்கு கார்புரேற்றர். நெடுநாள் ஓடாமல் நின்றிருந்தால் பெற்றோல் உள்ளே பிசினாகி நுண்துளைகளை அடைத்துவிடும். நான்கும் ஒருமித்து மூச்சுவிடா. ஆதலின் குளிர்ந்த நிலையிற் கிளப்பிக் காட்டச் சொல்லுதல் வாங்குவோனின் முதல் உரிமை.

கிளப்பியபோது ஒரு மெல்லிய சீழ்க்கை ஒலி எழுந்தது. மாணவன் முகம் வாடினான். "அது நோயில்லைத் தம்பி, அதுதான் அதுட குரல்" என்றார் முதியவர். பிற ஊர்திகளிற் சங்கிலி செய்யும் வேலையை இவ்வகையிலே பற்சக்கரங்கள் செய்வதால் அவ்வொலி இயல்பு. எனக்கு உடனே தோன்றியது: அருஞ்சொல் வேறு, பிழைச்சொல் வேறு. அகராதி அறியாதவன் அருஞ்சொல்லைப் பிழையென்று திருத்துவான். பிழையை அருஞ்சொல்லென்று போற்றுவான். ஒரு நூலின் இயல்பு நடையைப் பயின்றவனே அதில் நேர்ந்த கேட்டினை அறிவான். இயந்திரமும் அவ்வாறே. ஆகவே விரும்பிய வகையை வாங்குமுன், நன்னிலையிலுள்ள அவ்வகை ஊர்தி ஒன்றையேனும் கேட்டும் ஓட்டியும் பழகுதல் வேண்டும்.

அவர் மேலும் ஆராய்ந்தவற்றைச் சுருங்கச் சொல்லுகின்றேன். புகையின் நிறத்தைப் பார்த்தார். நீலம் ஒயில் எரிவதைக் காட்டும். கருமை பெற்றோல் மிகுதியைக் காட்டும். சூடேறிய பின்னும் ஓயாத வெண்புகை குளிர்நீர் உட்புகுவதைக் காட்டும். ஒயில் மூடியின் உட்புறத்தை விரலால் வழித்தார். பாலாடைபோல் வெளுத்திருந்தால் நீர் கலந்ததென்பது பொருள். பற்றரியிலே மின்மானியைப் பொருத்தி இயந்திரத்தை முடுக்கினார். பதின்மூன்றரைக்கும் பதினான்கரைக்கும் இடையே வோல்ற்று நின்றது. அவ்வயதுடைய ஹொண்டா ஊர்திகளில் மின்னைச் சீர்செய்யும் கருவி பழுதாவது வழக்கமாம். முன்சக்கரத்தை நிலத்தினின்று உயர்த்திக் கைப்பிடியை மெல்ல இருபுறமும் திருப்பினார். நடுவிலே பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் தலைப்பகுதியின் குண்டுகள் தேய்ந்தன. பிற்சக்கரத்துப் பல்லினின்று செயினைப் பின்னோக்கி இழுத்தார். பல் பாதி தெரிய விலகினால் இரண்டையும் மாற்றல் வேண்டும். பிரேக்குத் தட்டின் ஓரத்தில் இன்ன பருமனுக்குக் குறையலாகாது என்று பொறித்திருப்பதைக் காட்டினார்.

ரயரைப் பற்றி அவர் சொன்னது என்னைக் கவர்ந்தது. அதன் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். முதலிரண்டும் கிழமை, பின்னிரண்டும் ஆண்டு. 3514 என்றிருந்தால் 2014 ஆம் ஆண்டின் முப்பத்தைந்தாம் கிழமையிற் பிறந்தது. கோடுகள் ஆழமாக இருக்கலாம். இறப்பரோ கல்லாய் இறுகியிருக்கும். மழை நனைத்த பாலத்திலே அது பிடிக்காது. பார்வைக்குப் புதியது, பிறப்பாற் பழையது. மனிதருள்ளும் இத்தகையோர் இல்லையா?

விழுந்த ஊர்தி எத்துணைப் பூசினும் தழும்பை மறைக்காது என்றார். கைப்பிடியின் நுனி, கால்மிதியின் நுனி, இயந்திர மூடியின் விளிம்பு ஆகிய மூன்றும் தரையை முதலில் தொடுவன. அவற்றுள் ஒரு பக்கத்தன மட்டும் புதியனவாயின் ஐயுற வேண்டும். கைப்பிடி அளவுக்குமேல் திரும்பாதபடி தலைப்பகுதியில் உள்ள தடுப்பு நசுங்கியிருப்பின், முன்புறம் பலமாக மோதுண்டது. வளைந்த அலுமினியச் சட்டகத்தை முன்போல் நேராக்குதல் அரிது. அத்தகையதை அரைவிலைக்குத் தந்தாலும் கொள்ளலாகாது. விரைவுக்கென்றே ஆக்கிய ஊர்தியின் முதுகெலும்பு கோணியிருந்தால், குறைத்த விலைக்கு ஈடாகக் கேட்கப்படுவது உயிர்.

இவ்வளவிலும் அந்த ஊர்தி பெரும்பாலும் தேறியது. மாணவனின் கண்கள் ஒளிர்ந்தன. சட்டைப்பையை அவன் தொட்டுக்கொண்டதை யான் கண்டேன். அதிலே அவனது சேமிப்போடு, தாயின் சங்கிலியை அடகு வைத்துப் பெற்ற பணமும் இருந்தது. அப்போது முதியவர், "இனி சேர்ட வேலை" என்று பதிவுச் சான்றிதழை என் கையில் தந்தார்.

எழுத்தென்றால் எனக்கு அச்சமில்லை. சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு தலைப்பகுதியிற் பொறித்த சட்டக இலக்கத்தை எழுத்தெழுத்தாகப் படித்தேன். இவ்வகைக்கு உரியவாறு எம்.சி. 22 என்றே தொடங்கிற்று. அதற்கு மூத்த எம்.சி. 19 என்னும் வகைக்கு இதன் மேலாடையை உடுத்தி ஏமாற்றுவோரும் உளராதலின் அதனை முதலிற் பார்க்கச் சொல்லியிருந்தார் முதியவர். தொடக்கம் சரி. ஆயின் ஈற்றிலுள்ள இலக்கங்களுள் ஒன்று ஏனையவற்றினும் ஆழமாகவும் சற்றே சாய்ந்தும் நின்றது. அதனைச் சூழ்ந்த வர்ணம் மட்டும் புதிது. பல ஏடு பார்த்த கண்ணுக்கு இடைச்செருகல் தெரியாமற் போகாது. மூலபாடத்தை எழுதிய கை வேறு, அந்த ஓர் இலக்கத்தை எழுதிய கை வேறு. இயந்திரத்தின் இலக்கமோ சான்றிதழில் உள்ளதோடு பொருந்தவேயில்லை.

மேலும் படித்தேன். முற்றுரிமையாளர் என்ற இடத்தில் நிதி நிறுவனம் ஒன்றின் பெயர் நின்றது. கடன் தீர்ந்ததற்குக் கடிதம் இல்லை. பதிவு உரிமையாளர் எம் முன் நின்றவரும் அல்லர். அவர் கையொப்பமிட்ட வெற்றுப் படிவம் ஒன்று இருந்தது. 'ஓப்பின் பேப்பர்' என்று நம் நாட்டார் வழங்குவது இதுவே. ஒருவர் கையொப்பத்தோடு ஊர்தி மட்டும் பலர் கைமாறும். மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஏட்டிலோ பழைய பெயரே நிற்கும். அந்தப் பழைய பெயரினர் இறந்துவிட்டாலோ, நாட்டைவிட்டு நீங்கிவிட்டாலோ, கடைசியில் வாங்கியவன் உரிமையும் இன்றி நிற்பான். நாளைக்குக் களவென்று ஒரு முறைப்பாடு எழுந்தால் பொலிசார் முன் விடை சொல்ல வேண்டியவனும் அவனே.

"இலக்கம் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"அது யப்பான்லயே அப்படித்தான் சேர். வேற ரெண்டு பேர் காசோட நிக்கிறாங்க. பின்னேரம் வந்தா இருக்காது" என்றார் விற்பவர்.

ஆளைப் பார்க்க வந்த என் வேலை அவ்விடையோடு முடிந்தது. வினாவுக்கு விடை சொல்லாமல் விரைவுபடுத்துபவனிடம் எதனையும் கொள்ளலாகாது. "வா மனே, போவம்" என்றேன். திரும்பும் வழியெல்லாம் மாணவன் பேசவில்லை. வீட்டு வாயிலில் இறங்கும்போது, "இனி இப்படி ஒன்று கிடைக்குமா சேர்?" என்று மட்டும் கேட்டான்.

அவன் வருத்தத்தில் உண்மை உண்டு. 2020 பங்குனியில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 மாசியிலேதான் தனியார்க்குரிய வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது. இடையில் நின்ற ஐந்து ஆண்டிலே பழைய ஊர்திகளின் விலை ஏறியது ஏறியதே. அருமையுள்ள இடத்தில் ஆசை பெருகும். ஆசை பெருகிய இடத்தில் வஞ்சனை கடை விரிக்கும். 'இதனை விட்டால் வேறில்லை' என்னும் அச்சமே விற்பவரின் கையிலுள்ள பெரிய கருவி. அந்த அச்சத்தை வென்று வெறுங்கையோடு திரும்ப வல்லவனே வாங்கத் தகுதி பெற்றவன் என்பது என் துணிபு.

இனி, வாங்குவோரை மட்டும் எச்சரித்து முடித்தல் நீதியன்று. விற்போர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நம் பழைய தமிழ்ப் பதிப்புகளின் ஈற்றிலே 'பிழைதிருத்தம்' என்றொரு பக்கம் இருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என நான்கு நிரலாக, தம் பிழையைத் தாமே எண்ணி அச்சிட்டனர் அப்பதிப்பாசிரியர். அதனால் நூலின் மதிப்புக் குறைந்ததா? இல்லை, எஞ்சிய பக்கங்களை நாம் நம்பிப் படிப்பதற்கு அந்த ஒரு பக்கமே பிணை. பழைய ஊர்தியை விற்பவரும் அவ்வாறு ஒரு தாள் எழுதித் தந்தால் என்ன? இன்ன ஆண்டு விழுந்தது. இன்ன வெள்ளத்தில் நனைந்தது. இவ்வுறுப்பு மூலத்தது, இவ்வுறுப்பு மாற்றியது. மானியிலுள்ள தூரத்துக்கு யான் பிணையாவேன் அல்லது ஆகேன். இத்துணையும் எழுதிக் கையொப்பமிடுவதற்கு ஒரு தாளும் கால் மணி நேரமும் போதும். சேகரிப்போர் பெரிதும் மதிப்பது மூலவுறுப்புகளையே. மாற்றியதை மாற்றியதென்று சொன்னால் விலை சிறிது குறையலாம். மறைத்து விற்றால், முறிந்த கையோடு ஒருவர் வாழ்நாளெல்லாம் உம்மை நினைத்துக்கொண்டிருக்கலாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். ஒப்பிட்டு நோக்குதல், ஐயுறுதல், மூலத்தை நாடுதல் என்பவற்றைச் செய்யுளுக்கும் இலக்கணத்துக்கும் மட்டும் உரியனவாக வைத்துக் கற்பிக்கின்றோம். தேர்வு முடிந்தவுடன் மாணவன் அவற்றை மேசையிலேயே விட்டுப் போய்விடுகின்றான். பாடபேதம் பார்க்கப் பழகிய கண், சட்டக இலக்கத்தையும் காணிப் பத்திரத்தையும் கடன் பத்திரத்தையும் அதே கூர்மையோடு பார்க்குமாறு செய்தோமாயின், தமிழ் படித்து என்ன பயன் என்று கேட்பார்க்கு அதுவே விடை.

என் மாணவன் இன்னும் ஊர்தி வாங்கவில்லை. சங்கிலி அடகினின்று மீண்டு தாயின் கழுத்துக்கு வந்துவிட்டது. சென்ற கிழமை மண்முனைத்துறைப் பாலத்தருகே அவனைக் கண்டேன். தன் பழைய சிறு மோட்டார்ச் சைக்கிளில் மெல்ல வந்துகொண்டிருந்தான். நிறுத்தி, "சேர், காத்தான்குடிப் பக்கம் ஒன்று இருக்காம். இந்த முறை முதல்ல புத்தகத்தக் காட்டச் சொல்லிட்டன்" என்றான்.

எனக்கு அதுவே போதும்.